குளியலறையில் பாட்டு: நீர் புகாத ஸ்பீக்கர் பற்றி டெல்டா வீடுகளில் எழும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. வாளியும் செம்புமாகக் குளிப்பவர்கள், ஷவர் வைத்திருப்பவர்கள், கொல்லையில் தகரக் கதவு போட்ட குளியலறை உள்ளவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்படி பதில்கள் இருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு எண் சுத்தமான பச்சைத் தண்ணீரை வைத்துச் சோதித்துத் தரப்படுவது. நம் குளியலறையில் இருப்பதோ சோப்பு, சீயக்காய், எண்ணெய், போர் தண்ணீரின் உப்பு, வெந்நீர் ஆவி. ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் கெடுகின்றன.

போனிலேயே பாட்டு போட்டால் போதாதா? தனியாக ஸ்பீக்கர் எதற்கு?

போனில் இருக்கும் ஸ்பீக்கர் விரல் நகத்தளவுதான். மிருதங்கத்தின் தொப்பி, வீணையின் மந்தரம் எதுவும் அதில் வராது. குழாய் திறந்திருந்தால் பாடுபவர் குரலும் அமுங்கிவிடும். ஈரக்கையால் போனை எடுப்பதும் வழுக்கி விழுவதும் தனிச் செலவு. போனை வெளியே வைத்துவிட்டு ஸ்பீக்கரை மட்டும் உள்ளே கொண்டுபோவதே நல்லது.

பெட்டியில் ‘ஐபி67’, ‘ஐபிஎக்ஸ்5’ என்று போட்டிருக்கிறதே, எதைப் பார்த்து வாங்குவது?

இவை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலையில் வரும் குறியீடுகள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. முதல் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ இருந்தால் தூசிக்கான எண்ணை அறிவிக்கவில்லை என்று பொருள். தூசி கட்டாயம் உள்ளே போகும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 6 என்றால் தூசி அறவே புகாது.

இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சிச் சோதித்தது. 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் வாய், நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தும் கெடாமல் வந்தது. 8 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 7 என்பது 5-ஐயும் 6-ஐயும் விடப் பெரிய எண்தான், ஆனால் அவற்றை உள்ளடக்கியது அல்ல. மூழ்கடிப்பது ஒரு சோதனை, பீய்ச்சுவது வேறு சோதனை. அசையாத தண்ணீரில் அரை மணி நேரம் கிடக்கும் பொருள், ஒரே இடத்தில் வேகமாக அடிக்கும் தாரையில் தோற்கலாம். இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்களையும் சேர்த்தே போடுவார்கள். எனவே ஐபி67 ஸ்பீக்கராக இருந்தாலும் ஹெல்த் ஃபாசெட்டை அதன் மேல் பிடித்துக் கழுவாதீர்கள்.

செம்பில் மொண்டு குளிக்கும் வீட்டில், தள்ளி வைத்தால் 4 போதும். ஷவர் இருந்தால் 5. வாளிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ விழ வாய்ப்பு இருந்தால் 7. சின்னக் குளியலறையில் எதுவும் எதற்குள்ளும் விழும் என்பதால், இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் 7-க்கே போகலாம் என்பது எங்கள் கருத்து. எண்ணே இல்லாமல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் போட்டிருக்கும் பெட்டியை வாங்க வேண்டாம்.

ஐபி67 பார்த்துத்தான் வாங்கினோம். ஆனாலும் ஒரு வருடத்தில் போய்விட்டது. ஏன்?

மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் புதிய ஸ்பீக்கரை, உப்போ சோப்போ கலக்காத நன்னீரில் வைத்துச் செய்பவை. மூழ்கடிக்கும் சோதனையில் தண்ணீரின் சூடும் பொருளின் சூடும் 5 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் வீட்டில் நடப்பது வேறு.

சோப்பு நீர்: வெறும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், நுண்ணிய துளைகளுக்குள் எளிதில் நுழையாது. சோப்பும் ஷாம்பும் கலந்தால் அந்த முத்து உடைந்து தண்ணீர் பரவி ஒட்டும். காற்றுத் துளையை மூடியிருக்கும் நுண்சவ்வு, ரப்பர் மூடியின் விளிம்பு, பட்டன் ஓரம் போன்ற இடங்களில் வெறும் தண்ணீர் தயங்கி நிற்கும். சோப்பு நீர் உள்ளே போகும்.

சூட்டு வித்தியாசம்: அதிகச் சத்தத்தில் ஓடிய ஸ்பீக்கருக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். அதைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் அலசினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தச் சுருக்கம் ஓரங்களில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். பாட்டை நிறுத்தி பத்து நிமிடம் ஆறவிட்டு அலசினால் இந்தச் சிக்கல் இல்லை.

ரப்பர் மூடி: சார்ஜிங் போர்ட்டை மூடும் ரப்பர் நாக்கு சரியாக அமுங்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் சாதாரணமான காரணம். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். விளிம்பில் முடியோ மணல் துகளோ சிக்கியிருந்தால் அந்த இடம் அடையாது. மூடியே இல்லாத மாடல்களில் போர்ட்டின் உட்பக்கம் அடைக்கப்பட்டிருக்கும். அங்கே தண்ணீர் உள்ளே போகாது, போர்ட்டிலேயே தேங்கும்.

அப்படித் தேங்கிய ஈரத்தோடு சார்ஜர் செருகுவதுதான் மிகப் பெரிய கேடு. 5 வோல்ட் ஈரமான கம்பிகளுக்கு இடையே ஓடும்போது உலோகம் கரைகிறது. டைப்-சி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதன் இருபுறமும் வரிசையாகப் பொன்னிறக் கோடுகள். எல்லாம் மின்னினால் நல்லது. கோடுகளில் பச்சையாகப் பூத்திருந்தாலோ கருத்திருந்தாலோ அரிப்பு தொடங்கிவிட்டது. ‘பேட்டரி போய்விட்டது’ என்று கடைக்கு வரும் ஸ்பீக்கர்களில் பல, போர்ட் அரித்து சார்ஜ் ஏறாமல் நிற்பவைதான்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அது ஸ்பீக்கருக்கு ஆகாதா?

ஆகாது. வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி எனக் கடலோரத்தை ஒட்டிய ஊர்களில் இது கூடுதல் கவனம் கேட்கும் விஷயம். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மேலே சொன்ன அரிப்பு வேகமாக நடக்கும். காய்ந்த பிறகு வலைத்துணியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும் படிவு, ஒலி வரும் துளைகளையும் அடைக்கும்.

வழி எளிது. குளித்து முடித்ததும் குடிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து ஸ்பீக்கரின் மேல் மெதுவாக ஊற்றி அலசுங்கள். ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ இருந்தால் இன்னும் நல்லது. வெளிப் பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே படிந்த வெள்ளைக் கறைக்கு, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். போர்ட், ரப்பர் சவ்வு ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். துடைத்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

எண்ணெய்க் குளியல் அன்று என்ன செய்ய?

பாட்டு வரிசையை எண்ணெய் தேய்க்கும் முன்பே ஓடவிட்டு, ஸ்பீக்கரை எட்ட வைத்துவிடுங்கள். எண்ணெய்க் கையால் பட்டனைத் தொடாதீர்கள். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கும்.

நல்லெண்ணெய் வலைத்துணியில் பட்டால் அங்கே தூசியும் சோப்பும் ஒட்டிப் பிசுக்காகும். சில வகை ரப்பர் எண்ணெய் ஊறி உப்பி, பிசுபிசுப்பாகி, பிறகு இறுக்கமாக அடையாது. பட்டுவிட்டால் ஒரு செம்பு தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான துணியை அதில் நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். மூடி அடைத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சீயக்காய்த் தூளும் அரப்பும் வேறு மாதிரி. ஈரமாக இருக்கும்போது குழைவாகத் தெரியும். காய்ந்தால் வலைத்துணியின் இழைகளுக்குள் மண்போல இறுகிவிடும். ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளேதான் போகும். நன்றாகக் காயவிட்டு, பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட்டு, அதன்பின் அலசுங்கள். மஞ்சள் பூசும் வீடுகளில் வெளிர் நிற ஸ்பீக்கர் வேண்டாம், கறை போகாது. கறுப்போ கருநீலமோ வாங்குங்கள்.

எங்கே வைப்பது?

பல வீடுகளில் குளியலறை ஆறடிக்கு நான்கடிதான். குழாயும் வாளியும் ஒரு மூலையில் என்றால், அதற்குக் குறுக்கெதிர் மூலைப் பக்கம், தரையிலிருந்து நான்கரை அடி உயரம் நல்ல இடம். தலையில் ஊற்றும் தண்ணீர் தோளில் பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும், தரையில் விழுந்தது முழங்கால் உயரம் வரை எழும்பும். இந்த இரண்டுக்கும் எட்டாத உயரம் அது. காதுக்கும் நேராக இருக்கும்.

உருளை வடிவ ஸ்பீக்கர்களின் இரு முனைகளிலும் தொட்டால் அமுங்கும் வட்டச் சவ்வு ஒன்று இருக்கும். பாசிவ் ரேடியேட்டர் என்று பெயர். உள்ளே மின்கம்பி எதுவும் இல்லாமல், காற்றழுத்தத்தால் மட்டும் ஆடி அடித்தொனியைக் கூட்டுவது அதுதான். அந்த முனை சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். முனையில் நிறுத்தி வைக்காதீர்கள், விரலால் அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். சவ்வு கிழிந்தால் ஒலியும் போகும், நீர்த்தடுப்பும் போகும்.

ஃப்ளஷ் டேங்கின் மூடி வசதியான இடமாகத் தோன்றும். அங்கே வைக்காதீர்கள். அடித்தொனி அதிர்வில் ஸ்பீக்கர் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், நகர்ந்தால் விழும் இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. வென்டிலேட்டர் திட்டு வெளிப்பக்கம் சரிந்திருந்தால் அதுவும் வேண்டாம். டவல் ராடில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவதுதான் பாதுகாப்பு. கீசரின் வெந்நீர்க் குழாயில் மட்டும் தொங்கவிடாதீர்கள். உறிஞ்சு கப் வைத்த மாடல் என்றால் டைல்ஸில் உப்புப் படிவு இல்லாத இடமாகப் பார்த்து, உலரத் துடைத்து, இணைப்புக் கோட்டின் மேல் படாமல் ஒட்டுங்கள். படிவின் மேல் ஒட்டினால் சற்று நேரத்தில் காற்று புகுந்து விழும்.

ஹாலில் நன்றாகக் கேட்கும் ஸ்பீக்கர் குளியலறையில் ஏன் குமுறுகிறது?

அறையின் அளவுதான் காரணம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒரு சுருதி மட்டும் பெருகி நிற்கும். கணக்கு இதுதான்: ஒலியின் வேகத்தை, சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது என்று கொண்டால், ஆறடி நீளத்துக்கு 95 ஹெர்ட்ஸ், நான்கடி அகலத்துக்கு 143 ஹெர்ட்ஸ், எட்டடி உயரத்துக்கு 72 ஹெர்ட்ஸ்.

இதில் நான்கடிக்கு வரும் எண்ணைக் கவனியுங்கள். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒன்றரைக் கட்டை 139 ஹெர்ட்ஸ், இரண்டு கட்டை 147 ஹெர்ட்ஸ். ஆண் பாடகர்கள் பலர் ஆதார சட்ஜம் வைக்கும் இடத்துக்கு நடுவில்தான் இந்த 143 நிற்கிறது. அந்தச் சட்ஜத்தில் குரல் வந்து நிற்கும்போதெல்லாம் அறை சேர்ந்து முழங்கும். குளிக்கும்போது பாடினால் நம் குரலே கம்பீரமாகக் கேட்பதும் இதனால்தான். ஸ்பீக்கரில் அதே பெருக்கம் நடக்கும்போது, ‘ஸ’ மட்டும் தூக்கலாகவும் மற்ற ஸ்வரங்கள் மெலிவாகவும் கேட்கும்.

சரிசெய்ய மூன்று வழிகள். ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளாமல் பத்து அங்குலம் வெளியே கொண்டுவாருங்கள். மூலை எல்லா அடித்தொனியையும் பெருக்கும். தொனிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை 3 முதல் 5 டெசிபல் குறையுங்கள். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ போன்ற பட்டன் இருந்தால் குளியலறையில் அணைத்துவிடுங்கள்.

மேல்தொனிக்கு வேறு மருந்து. டைல்ஸ் ஒலியைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பும். வெறும் டைல்ஸ் அறையில் ஒலி அடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். தடித்த டர்க்கி டவல் ஒன்றை ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் விரித்துத் தொங்கவிடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

நாகஸ்வரம் கேட்டால் காது கூசுகிறது.

நாகஸ்வரம் வீதியுலாவுக்கும் கோயில் பிரகாரத்துக்கும் உருவான கருவி. ஓசையின் பலம் பெரும்பாலும் நடு, மேல் தொனிகளில் இருக்கும். நான்கு பக்கமும் டைல்ஸ் இருக்கும் சின்ன அறையில் அந்தத் தொனிகள் அடங்க இடமில்லை. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பட்டையை 4 டெசிபல் குறைத்து, ஒலியளவையும் இரண்டு படி இறக்குங்கள். ஸ்பீக்கரின் முகத்தை உங்கள் பக்கம் திருப்பாமல் டவல் பக்கம் திருப்பினால் இன்னும் இதம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்து 78 சுற்று இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகள் குளியலறைக்கு நன்றாகவே ஒத்துப்போகும். அந்தத் தட்டுகளில் ஆழ்ந்த அடித்தொனியும் கூர்மையான மேல்தொனியும் பதிவே ஆகவில்லை, எனவே சின்ன ஸ்பீக்கரில் இழப்பதற்கு அதிகம் இல்லை. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் என்பதால் வரிசையாக நான்கைந்து சேர்த்து வையுங்கள். தனித் தவில் நேர்மாறு. வலந்தலையின் படபட அடிகள் எதிரொலியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கணக்கே பிடிபடாமல் போகும். உபன்யாசம், செய்தி போன்ற பேச்சுக்கும் அதே கதி. இவற்றுக்கு ஸ்பீக்கரைக் காதிலிருந்து இரண்டடிக்குள் கொண்டுவந்து, ஒலியைக் குறைத்துக் கேளுங்கள்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். தினம் 20 நிமிடக் குளியல் என்றால் வாரத்துக்கு 2 மணி 20 நிமிடம், அதற்கு எல்லை ஏறக்குறைய 92 டெசிபல். சின்ன அறையில் ஒரு நடுத்தர ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அந்த எல்லையை எட்டிவிடும், ஆகவே பாதிக்கு மேல் போக வேண்டாம்.

சத்தம் கூட்டத் தூண்டுவது பெரும்பாலும் வாளியில் குழாய் விழும் இரைச்சல்தான். முதலில் வாளியை நிரப்பிக் குழாயை மூடிவிட்டு, அதன்பின் பாட்டைப் போடுங்கள். ஷவர் என்றால் சோப்பு போடும்போது அதை நிறுத்திவிடுங்கள். தண்ணீரும் மிச்சம்.

மார்கழியில் நாலரை, ஐந்து மணிக்குக் குளிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வென்டிலேட்டர் வழியாக அடித்தொனி அடுத்த வீட்டுக் கொல்லை வரை தெளிவாகப் போகும்.

உள்ளே போனதும் பாட்டு விட்டு விட்டு வருகிறது.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும், உலோகம் தடுக்கும். திறந்தவெளியில் 10 மீட்டர் போவது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் மூன்று நான்கு மீட்டரில் திணறும். பிவிசி கதவு அலையை விட்டுவிடும், தகரக் கதவு விடாது. கொல்லைக் குளியலறைகளில் பாட்டு அறுபடுவதற்குப் பெரும்பாலும் தகரக் கதவும் பக்கத்தில் நிற்கும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும்தான் காரணம்.

போனை வென்டிலேட்டருக்கு நேர்ப் பின்னால், ஜன்னல் திட்டிலோ துணி காயும் கொடிப் பக்கத்து மாடத்திலோ வையுங்கள். உங்கள் உடம்பும் தண்ணீர்ப் பொருள்தான். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காதபடி இடம் பாருங்கள். மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஸ்பீக்கரில் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அந்தத் துளைக்கும் மூடி உண்டா என்று பாருங்கள்.

திருச்சி வானொலி கேட்க முடியுமா?

எஃப்எம் வசதியுள்ள ஸ்பீக்கர் என்று வாங்கினாலும், நெடுங்காலமாக 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் திருச்சி நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பு அதில் வராது. எஃப்எம் ஸ்பீக்கர்களில் மத்திய அலை வாங்கி இருப்பதில்லை. அகில இந்திய வானொலியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியைப் போனில் போட்டு, புளூடூத் வழியாகக் கேளுங்கள். புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றிலிருந்து வரும் பஞ்சரத்ன நேரலையையும் இப்படிக் கேட்கலாம். எஃப்எம் நிலையங்களுக்குப் பல சின்ன ஸ்பீக்கர்கள் சார்ஜிங் கேபிளையே ஏரியலாகப் பயன்படுத்துகின்றன. குளியலறையில் கேபிள் செருகினால் போர்ட் மூடி திறந்திருக்கும் என்பதால் அதைத் தவிருங்கள்.

சுப்ரபாதம், தேவாரம் எல்லாம் குளியலறையில் போடலாமா என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

அது ஒவ்வொரு வீட்டின் வழக்கம். தயக்கம் இருந்தால் ஸ்பீக்கரைக் குளியலறைக்கு வெளியே, வென்டிலேட்டருக்கு இரண்டு மூன்றடி தள்ளி வைத்துக் கேட்கலாம். நீராவியும் சோப்பும் படாததால் ஸ்பீக்கருக்கும் நல்லது. சுவரைத் தாண்டும்போது மேல்தொனி குறையும், ஈக்வலைசரில் 3 டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள்.

கீசர் போட்டுக் குளித்தால் ஆவி உள்ளே போகுமா?

போகும். ஆவிக்கு எதிரான சோதனை 4, 5, 7 எதிலும் இல்லை. ஏசி அறையில் இருந்த ஸ்பீக்கரை நேராக ஆவிக்குள் கொண்டுபோனால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல ஸ்பீக்கரிலும் வியர்க்கும். உள்ளே நுழைந்த ஈரக்காற்று சர்க்யூட் பலகையிலும் நீராகப் படியும். குளிக்கும் முன் கால்மணி நேரம் ஸ்பீக்கரைச் சாதாரண அறையில் வைத்துவிட்டு எடுத்துப் போங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனையோ வென்டிலேட்டரையோ திறந்து வையுங்கள். வெந்நீர் வாளிக்கு நேர் மேலே வைக்காதீர்கள். குளித்து முடித்ததும் வெளியே எடுத்துவிடுங்கள், குளியலறையிலேயே நாள் முழுக்கக் கிடக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடே ஈரமாக இருக்கும்போது இது இன்னும் முக்கியம்.

குளித்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

பாட்டை நிறுத்தி ஆறவிடுங்கள். மூடி அடைத்தபடியே நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். வலைப்பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். அதன்பின் மூடியைத் திறந்து போர்ட்டைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் போர்ட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, திறந்தபடியே காயவிடுங்கள். பஞ்சோ ஊக்கோ உள்ளே விடாதீர்கள்.

சார்ஜ் போடுவதைக் குளியலோடு சேர்க்காமல் வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். காலையில் குளித்தால் இரவில் சார்ஜ். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் போர்ட் அரிப்பு பெரும்பாலும் வராது. வெயிலில் காயவைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் கூடாது, லித்தியம் பேட்டரிக்கும் ஒட்டுப் பசைக்கும் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்து சார்ஜ் போடவும் வேண்டாம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போகுமா?

போகாது. அரிசியின் மாவும் தவிடும் போர்ட்டுக்குள் போய்க் களியாகும். விசிறிக் காற்றே போதும்.

அலசிய பிறகு ஒலி அமுங்கிக் கேட்கிறது. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வலைத்துணியில் நீர்ப்படலம் நிற்கிறது. வலைப்பக்கம் கீழே பார்க்க வைத்து, அடித்தொனி அதிகமுள்ள ஒரு பாட்டை நடுத்தரச் சத்தத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், துளிகள் உதிரும். மறுநாளும் அமுங்கியே இருந்தால் வலையில் சோப்பு அல்லது உப்புப் படிவு இருக்கிறது. ‘கிர்ர்’ என்ற அதிர்வு வந்தால் முதலில் பக்கத்தில் இருக்கும் சோப்புப் பெட்டி, கொக்கி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். அவை நின்றும் சத்தம் நிற்காவிட்டால் பாசிவ் ரேடியேட்டரில் கிழிசல் உண்டா என்று பாருங்கள்.

கரண்டில் ஓடும் ஸ்பீக்கரை நீள வயர் போட்டு உள்ளே வைக்கலாமா?

கூடாது. சார்ஜரில் செருகிய நிலையில் நீர் புகாத ஸ்பீக்கரையும் வைக்கக் கூடாது. ஈர உடம்பும் ஈரத் தரையும் சேர்ந்தால் 230 வோல்ட் உயிரை எடுக்கும். பேட்டரியில் ஓடுவது மட்டுமே உள்ளே போகலாம். கீசர் இருக்கும் வீட்டில், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் வாங்குவதைவிட அது முக்கியம்.

பம்புசெட் குளியலுக்கும் ஆற்றுக்கும் எடுத்துப் போகலாமா?

பம்புசெட் வாயிலிருந்து கொட்டும் தண்ணீர் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர். 6 என்ற எண்ணுக்கான சோதனையே 100 லிட்டர்தான். தொட்டியின் மேடையில், தாரைக்கு எட்டாத ஓரமாக வையுங்கள். மோட்டார் ஷெட்டுக்குள் ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் வேண்டாம்.

ஆற்றுக்கு எடுத்துப் போனால் மிதக்கும் வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லா நீர்த்தடுப்பு ஸ்பீக்கரும் மிதப்பதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடும்போது விழுந்தால், மிதப்பதும் கைக்கு வராது. விழுந்ததை எடுக்க யாரும் இறங்க வேண்டாம். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் மணலில் நேரடியாக வைக்காமல் துண்டின் மேல் வையுங்கள். மணல் பாசிவ் ரேடியேட்டரின் மடிப்பில் போய் அறுக்கும். மணல் பட்டால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றி மட்டும் அலசுங்கள்.

எதை வாங்கலாம்?

கடைகளில் பரவலாகப் பார்த்த சில ஐபி67 ஸ்பீக்கர்களின் அளவுகளைச் சொல்கிறோம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஜேபிஎல் கோ 3: 4.2 வாட், சுமார் 209 கிராம், 5 மணி நேரம் பாடும், 110 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும். ஜேபிஎல் கிளிப் 4: 5 வாட், 10 மணி நேரம், கொக்கி உடம்போடு சேர்ந்தே வருவதால் டவல் ராடுக்கு வசதி. சோனி எக்ஸ்பி13: 5 வாட், 16 மணி நேரம், நாடா உண்டு. ஜேபிஎல் ஃபிளிப் 6: மொத்தம் 30 வாட், சுமார் 550 கிராம், 12 மணி நேரம், 63 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இவற்றுக்குப் பின் வந்த புதிய மாடல்களும் உண்டு.

ஆறடிக்கு நான்கடி அறைக்கு 5 வாட் போதும். சின்ன ஸ்பீக்கரில் குறையும் அடித்தொனியை அறையே ஓரளவு ஈடுசெய்யும். மிருதங்கத்தின் கும்கி முழுமையாக வேண்டும், கூடத்திலும் கேட்க வேண்டும் என்றால் மட்டும் ஃபிளிப் அளவுக்குப் போங்கள்.

கடையில் நான்கு விஷயம் பாருங்கள். ஐபி எண் பெட்டியில் மட்டுமில்லாமல் கையேட்டிலும் இருக்கிறதா, சார்ஜிங் டைப்-சியா, பட்டன்கள் ஈரக்கையிலும் தடவித் தெரியும்படி மேடாக இருக்கின்றனவா, பேட்டரிக்கு இந்தியத் தரநிலை 16046-இன் குறியும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் உண்டா. உத்தரவாத அட்டையில் நீர்ச் சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை, பணம் கட்டும் முன் வாசித்துவிடுங்கள்.

பேட்டரி இறங்கிவிட்டது. மாற்றிவிட்டுக் குளியலறையில் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

மொபைல் கடையில் பிரித்து மாற்றித் தருவார்கள். ஆனால் தொழிற்சாலையில் வைத்த ரப்பர் வளையமும் பசையும் ஒருமுறை பிரிந்தால் அதேபோல அடைவது அரிது. திருகுகளை இறுக்கி, வளையத்தை மாற்றி, ஓரத்தில் சிலிகான் தடவினாலும் சோதித்துப் பார்க்க வழியில்லை. பிரித்த ஸ்பீக்கரின் ஐபி எண் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, அதை அடுப்படிக்கோ திண்ணைக்கோ மாற்றிவிடுங்கள். உடம்பு உப்பியிருந்தால் மாற்றவும் முயல வேண்டாம். சார்ஜ் போடாமல், குத்தாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி அந்த நிலைக்கு வருவதைத் தள்ளிப்போட ஒரு வழி: 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல், இரவு முழுக்க செருகியே விடாமல் பயன்படுத்துங்கள். வெளியூர் போய் மாதக்கணக்கில் பூட்டிவைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து, துணிப்பையில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி மறுபடி ஏறாமலே போகலாம்.